ஒரு விரல்ரேகை யாருடையது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

குற்றம் நடந்த இடத்தில் எடுத்த விரல்ரேகையைக் கணினியில் ஏற்றியதும் சில நொடிகளில் ஒருவருடைய படமும் பெயரும் திரையில் வந்து நிற்கும் என்பதுதான், இந்தத் துறையைப் பற்றிப் பெரும்பாலானோர் மனத்தில் பதிந்திருக்கும் எண்ணம். உண்மையில் கணினி எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை. தன் சேமிப்பில் உள்ள லட்சக்கணக்கான ரேகைகளிலிருந்து, கொடுக்கப்பட்ட ரேகையை ஓரளவு ஒத்திருக்கும் பத்திருபது ரேகைகளைப் பொறுக்கி வரிசைப்படுத்தித் தருவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பட்டியலில் உரியவருடைய ரேகை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் விரல்ரேகை நிபுணர். காவல்துறைக்காகப் பணியாற்றும் அந்த நிபுணர் எதைப் பார்க்கிறார், எப்படி ஒரு முடிவுக்கு வருகிறார், அந்த முடிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை, இத்துறையை முன்பின் அறியாதவருக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விரல்நுனி, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகிய இடங்களில் உள்ள தோல் உடலின் மற்றப் பகுதிகளில் உள்ளதைப் போன்றதன்று. நெருக்கமான மேடுகளும் அவற்றுக்கு இடையே பள்ளங்களுமாக வரிவரியாக அமைந்தது. தாயின் வயிற்றில் கரு ஏறத்தாழ 10 வார வளர்ச்சியில் இருக்கும்போது உருவாகத் தொடங்கும் இந்த வரிகள், 24ஆவது வாரத்துக்குள் நிலைபெற்றுவிடுகின்றன. வரிகள் பொதுவாக எப்படி வளைந்து ஓடும் என்பதில் மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒரு குறிப்பிட்ட வரி எந்த இடத்தில் முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பதெல்லாம், அந்தச் சில வாரங்களில் விரல் எப்படி வளர்ந்தது, அதன்மேல் எத்தகைய அழுத்தம் பட்டது என்பன போன்ற தற்செயலான காரணங்களால் அமைபவை. ஒரே கருவிலிருந்து பிரிந்து, ஒரே மரபணுக்களோடு பிறக்கும் இரட்டையருக்குக்கூட ரேகைகள் வேறுபடுவது இதனால்தான். வரிகளுக்கான அச்சு மேல்தோலுக்கு அடியில், உள்தோலோடு அது சேரும் இடத்தில் இருப்பதால், மேலே சிராய்ப்போ கொப்புளமோ ஏற்பட்டு ஆறும்போது பழைய அமைப்பே திரும்ப வளர்ந்து வருகிறது. ஆழமாக வெட்டுப்பட்டால் தழும்பு நிலைத்துவிடும். அப்போது அந்தத் தழும்பே அடையாளம் காண உதவும் இன்னொரு குறியாகிவிடுகிறது.

இந்த வரிகளை நிபுணர் மூன்று நிலைகளில் பார்க்கிறார். முதல் நிலை, வரிகளின் ஒட்டுமொத்த ஓட்டம். ஒரு பக்கம் நுழைந்து வளைந்து அதே பக்கமாகத் திரும்பினால் அது கண்ணி. நடுவில் வட்டமிட்டுச் சுற்றினால் சுழல். ஒரு பக்கம் நுழைந்து, நடுவில் சற்றே எழும்பி, மறுபக்கம் வெளியேறினால் வில். மனிதர்களின் விரல்களில் 60 முதல் 65 விழுக்காடு வரை கண்ணிகளும், 30 முதல் 35 விழுக்காடு வரை சுழல்களும் காணப்படுகின்றன; வில் அமைப்பு 5 விழுக்காட்டளவிலேயே இருக்கிறது. இந்த நிலையை வைத்து ஒருவரை விலக்கலாமே தவிர, இவர்தான் என்று காட்ட முடியாது. கண்ணாடியில் பதிந்திருப்பது சுழலாக இருந்து, சந்தேகத்துக்குரியவரின் பத்து விரல்களிலும் கண்ணிகளே இருந்தால் அந்த ரேகை அவருடையதன்று. ஆனால் இரண்டுமே கண்ணி என்பதால் எதுவும் நிரூபணமாகிவிடாது.

இரண்டாம் நிலையில்தான் உண்மையான வேலை நடக்கிறது. ஒவ்வொரு வரியையும் தொடர்ந்து போனால், சில திடீரென்று நின்றுவிடும். சில இரண்டாகக் கிளைக்கும். சில இரண்டாகப் பிரிந்து சற்றுத் தூரம் போய் மீண்டும் ஒன்றுசேரும். சில இடங்களில் இரு வரிகளுக்கு நடுவே ஒரு புள்ளியோ மிகக் குட்டையான ஒரு வரியோ தனித்து நிற்கும். இவற்றை நுண்குறிகள் எனலாம். இந்தக் குறிகள் எல்லோருடைய விரலிலும் உண்டு. ஆகவே ஒரு கிளை இருக்கிறதா என்பது கேள்வியன்று. அந்தக் கிளை எந்தப் பக்கம் நோக்கிப் பிரிகிறது, அதிலிருந்து எத்தனை வரிகள் தள்ளி அடுத்த முடிவு வருகிறது, அதற்கு மேலே என்ன இருக்கிறது என்ற தொடர்ச்சிதான் கேள்வி. மூன்றாம் நிலை இதைவிட நுட்பமானது: வரியின் ஓரம் எப்படி நெளிகிறது, அதன்மேல் வியர்வைத் துளைகள் எங்கெங்கே அமைந்திருக்கின்றன என்பது. பதிவு மிகத் தெளிவாக இருந்தால் மட்டுமே இது பயன்படும்.

இத்துறையின் வரலாற்றில் வங்காளத்துக்கு முக்கியமான இடம் உண்டு. 1858இல் அங்கே ஜங்கிபூரில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பத்தோடு கைப்பதிவையும் வாங்கினார்; ஒருவருடைய ரேகைகள் ஆண்டுகள் கடந்தும் மாறுவதில்லை என்பதைப் பின்னாளில் அவர் கவனித்துப் பதிவு செய்தார். ஜப்பானில் பணியாற்றிய மருத்துவர் ஹென்றி ஃபால்ட்ஸ், குற்றவாளிகளைக் கண்டறிய ரேகைகள் உதவும் என்று 1880இல் எழுதினார். அர்ஜென்டினாவில் 1892இல், இரு குழந்தைகள் கொல்லப்பட்ட வழக்கில், கதவில் இரத்தத்தோடு பதிந்திருந்த கட்டைவிரல் ரேகை, பக்கத்து வீட்டுக்காரர்மீது பழி சுமத்திய தாயினுடையதே என்று தெரியவந்தது. இருந்தும் ஒரு பெரிய சிக்கல் மிஞ்சியது: ஆயிரக்கணக்கில் குவியும் ரேகைத்தாள்களில் வேண்டியதை எப்படித் தேடி எடுப்பது? 1897இல் கொல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் அமைந்த காலத்தில் அங்கே பணியாற்றிய அஜிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும் இதற்கு வழி கண்டதில் பெரும்பங்கு ஆற்றினார்கள். பத்து விரல்களை ஐந்து இணைகளாக்கி, ஒவ்வோர் இணைக்கும் 16, 8, 4, 2, 1 என்று மதிப்புக் கொடுத்து, சுழல் உள்ள விரல்களின் மதிப்பை மட்டும் கூட்டி, ஒரு பின்னமாக எழுதினார்கள். இப்படி எந்தத் தாளும் 1024 பிரிவுகளில் ஒன்றுக்குள் வந்துவிடும். மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் உலகெங்கும் பரவிய அந்த முறையில் இவ்விருவரின் உழைப்பு நெடுங்காலம் வெளியே தெரியாமல் போனது வருத்தத்துக்குரியது.

ஆனால் அந்த முறை பத்து விரல்களும் கையில் இருந்தால்தான் செல்லும். சம்பவ இடத்தில் கிடைப்பதோ பெரும்பாலும் ஒரு விரலின் ஒரு பகுதி. மை தடவிய விரலை நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்டி எடுத்த பதிவு முழுமையாகவும் தெளிவாகவும் இருக்கும். பீரோவின் கைப்பிடியைப் பதற்றத்தில் பற்றி இழுத்த விரல் விட்டுச்செல்வது துண்டும் துணுக்குமாகவே இருக்கும். நன்றாகப் பதிந்த முழு ரேகையில் நூறளவில் நுண்குறிகள் இருக்கும் என்றால், இப்படிப்பட்ட துண்டில் பத்துப் பன்னிரண்டு தெரிந்தாலே நல்லது.

அந்தத் துண்டும் பல வேளைகளில் கண்ணுக்குத் தெரியாது. விரல் தொட்ட இடத்தில் படிவது பெரும்பாலும் நீர்; அதோடு சிறிதளவு உப்பும் அமினோ அமிலங்களும், முகத்தையோ தலைமுடியையோ தொட்டதால் விரலில் ஒட்டிய எண்ணெய்ப் பசையும் சேர்ந்திருக்கும். இதை வெளிக்கொணரும் முறை, தொட்ட பொருள் எது என்பதைப் பொறுத்தது. கண்ணாடி, பளபளப்பான உலோகம் போன்றவற்றில் மென்மையான தூரிகையால் பொடி தூவினால், ஈரப்பசை உள்ள இடத்தில் பொடி ஒட்டிக்கொள்ளும். தாளில் வியர்வை உள்ளே ஊறிவிடுவதால் பொடி அவ்வளவாகப் பயன்படாது. அதற்கு நின்ஹைட்ரின் கரைசல் தேவை. அது அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து ஊதா நிறம் தரும். 1954இல் ஸ்வீடனைச் சேர்ந்த இருவர் இதை விரல்ரேகைக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். பிளாஸ்டிக் பைகளுக்கும் பாட்டில்களுக்கும், உடனே ஒட்டும் பசையில் உள்ள சயனோஅக்ரிலேட்டை மூடிய பெட்டிக்குள் ஆவியாக்குவார்கள். அந்த ஆவி ரேகையின் மேல் மட்டும் வெண்மையாகக் கெட்டிப்படும்.

இங்கே வரிசை முக்கியம். ஒரு முறையைப் பயன்படுத்திய பின் இன்னொன்று பயன்படாமல் போகலாம். தாளை நீரில் நனைத்தால் அமினோ அமிலங்கள் கரைந்து, நின்ஹைட்ரினுக்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே எதையும் சிதைக்காத முறையில் தொடங்க வேண்டும்: முதலில் வெறும் கண்ணால், பிறகு சாய்வான வெளிச்சத்தில், பிறகு தனித்த நிற ஒளியில் பார்த்து, கண்டதை அளவுகோலோடு படம் எடுத்த பிறகே பொடியையோ ரசாயனத்தையோ தொட வேண்டும். ஜெல் தாளில் ஒற்றி எடுத்த ரேகை இடவலம் மாறிக் காணப்படும் என்பதையும், இரத்தத்திலோ ஈரமான பரப்பிலோ பதிந்த ரேகையில் சில வேளை மேடு வெளுத்தும் பள்ளம் கறுத்தும் தலைகீழாகத் தெரியும் என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இவை பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லித்தரப்படுபவை; ஆயினும் அவசரத்தில் மறக்கப்படுபவையும் இவைதான்.

இனி ஒப்பிடும் கட்டம். கத்தியின் பிடியிலிருந்து எடுத்த ஒரு ரேகைப் படம் நிபுணரின் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தேகத்துக்குரியவரின் ரேகைத்தாள் பக்கத்திலேயே இருந்தாலும், அதை அவர் இப்போது திறக்கக் கூடாது. முதலில் பிடியில் இருந்த ரேகையை மட்டும் உருப்பெருக்கிப் பார்க்க வேண்டும். வரிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன, இது விரலா உள்ளங்கையா, மேல்புறம் எது, எங்கே அழுத்தம் கூடியிருக்கிறது, எங்கே விரல் வழுக்கியிருக்கிறது என்று குறிக்கிறார். ரப்பர் முத்திரையை அழுத்திக் குத்தினால் எழுத்துகள் தடித்தும், லேசாகக் குத்தினால் விட்டுவிட்டும் விழுவதைப் போல, ஒரே விரல் பதியும்போதெல்லாம் வரிகளின் பருமன் மாறும். பக்கவாட்டில் இழுபட்டால் வரிகளுக்கு இடையிலான தூரமும் மாறும். அதனால் அவர் தூரத்தை மில்லிமீட்டரில் அளப்பதைக் காட்டிலும் வரிகளை எண்ணுவதையே நம்புகிறார். தெளிவான ஒரு கிளையைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்கிறார். அதிலிருந்து மூன்று வரி தள்ளி வலப்புறத்தில் ஒரு வரி கீழ்நோக்கி முடிகிறது. அந்த முடிவுக்கும் அடுத்த கிளைக்கும் நடுவே இரண்டு வரிகள் ஓடுகின்றன. அதற்கு மேலே உள்ள பகுதி மங்கலாக இருக்கிறது, அங்கே எதையும் குறிக்க முடியாது. இவ்வளவையும் எழுதி முடித்து, இந்த ரேகை ஒப்பிடத் தக்கதா என்று முடிவு செய்த பிறகே ரேகைத்தாளைத் திறக்கிறார்.

பகுப்பாய்வு, ஒப்பீடு, மதிப்பீடு, சரிபார்ப்பு என்ற இந்த நான்கு படிகளில் முதல் படியைத் தனியாக முடிப்பதுதான், என் கருத்தில், முழு முறைக்கும் உயிர். கண் இணங்கிப்போகும் தன்மை உடையது. தெளிவான ரேகையை முதலில் பார்த்துவிட்டு மங்கலான ரேகைக்கு வந்தால், தெளிவில் கண்டதை எல்லாம் மங்கலிலும் கண்டுவிட முடியும். புள்ளியா தூசியா என்று தெரியாத ஒன்று, தாளில் அந்த இடத்தில் புள்ளி இருப்பதாலேயே புள்ளியாகிவிடும். ஒப்பிடும்போதும் ஒற்றுமைகளை மட்டும் எண்ணிக்கொண்டு போகக் கூடாது. ஒற்றுமை பத்து இருந்தாலும், அழுத்தத்தாலோ வழுக்கலாலோ விளக்க முடியாத ஒரே ஒரு வேறுபாடு இருந்தால் அந்த ரேகை அவருடையதன்று. அந்த ஒரு வேறுபாட்டைத் தேடிப் போவதுதான் நிபுணரின் கடமை.

எத்தனை குறிகள் ஒத்தால் போதும் என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். நாடுகள் இதற்கு வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கின்றன. பிரான்ஸின் தடயவியல் அறிஞர் எட்மண்ட் லோகார்ட் 1914இல், தெளிவான ரேகையில் 12 குறிகளுக்கு மேல் ஒத்தால் ஐயமில்லை என்றார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 16 குறிகள் என்ற வரையறை இருந்தது. 2001இல் அதைக் கைவிட்டார்கள். எண்ணிக்கைக்கு ஓர் ஒழுங்கு இருப்பது நீதிமன்றத்துக்கு வசதி என்பது உண்மை. ஆயினும் அரிதான அமைப்பில் அடுத்தடுத்து நிற்கும் எட்டுக் குறிகள், எங்கும் காணப்படும் விதத்தில் சிதறிக் கிடக்கும் பன்னிரண்டு குறிகளைவிட அதிகம் சொல்லும். இன்று பல நாடுகளில் குறைந்தபட்ச எண் எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற நிபுணரின் மதிப்பீடும், இன்னொருவரின் சரிபார்ப்புமே அளவுகோல். இதனால் அவர் தோளில் ஏறும் பொறுப்பு மிகப் பெரியது.

அந்தப் பொறுப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2004ஆம் ஆண்டு மாட்ரிட் வழக்கு சான்று. மார்ச் 11 அன்று ரயில்களில் குண்டுகள் வெடித்தன. வெடிதூண்டிகள் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையில் கிடைத்த ரேகையை ஸ்பெயின் காவல்துறை பிற நாடுகளுக்கும் அனுப்பியது. அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ தன் கணினியில் தேடியபோது கிடைத்த பட்டியலில் ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவரின் ரேகையும் இருந்தது. பையில் இருந்த ரேகையோடு அது வியக்கத்தக்க அளவுக்கு ஒத்திருந்தது. அனுபவம் மிக்க நிபுணர்கள் அவருடையதே என்று முடிவு செய்தார்கள், சரிபார்த்தவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ரேகையின் மேற்பகுதியில் இருந்த பொருந்தாமையை, அது இன்னொரு தொடுதலால் விழுந்த பதிவாக இருக்கலாம் என்று விளக்கி ஒதுக்கினார்கள். ஸ்பெயின் தரப்பு ஏப்ரலிலேயே இது பொருந்தவில்லை என்று தெரிவித்தும், மே மாதத்தில் அந்த வழக்கறிஞர் காவலில் வைக்கப்பட்டார். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணர்கூட அந்த ரேகை அவருடையதே என்றார். பிறகு அது அல்ஜீரியாவைச் சேர்ந்த வேறொருவருடையது என்று ஸ்பெயின் கண்டறிந்தது, வழக்கறிஞர் விடுவிக்கப்பட்டார், எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது. விசாரணையில் வெளிப்பட்டவற்றில் இரண்டு முக்கியமானவை: தாளில் கண்டதை வைத்துக்கொண்டு பையில் இருந்த ரேகையில் குறிகளைக் ‘கண்டுபிடித்திருக்கிறார்கள்’, முதலில் சொன்ன முடிவு தெரிந்த நிலையிலேயே சரிபார்த்திருக்கிறார்கள். சேமிப்பு பெரிதாகப் பெரிதாக, வேறொருவருடைய ரேகை மிக நெருங்கி ஒத்துவரும் வாய்ப்பும் கூடுகிறது என்ற எச்சரிக்கையும் இதில் அடங்கியிருக்கிறது.

இந்த வழக்கை வைத்து 2006இல் ஒரு சோதனை நடந்தது. ஐந்து நிபுணர்களிடம், அவர்களே முன்பு ஒரே விரலுடையவை என்று அடையாளம் காட்டியிருந்த ரேகை இணைகளைக் கொடுத்து, இவை மாட்ரிட் வழக்கில் தவறாகக் கணிக்கப்பட்டவை என்று சொன்னார்கள். நால்வர் தங்கள் பழைய முடிவை மாற்றிக்கொண்டார்கள். ரேகை மாறவில்லை, காதில் விழுந்த செய்திதான் மாறியது. அதனால்தான், குற்றம் எவ்வளவு கொடியது, சந்தேகத்துக்குரியவர் ஒப்புக்கொண்டாரா என்பன போன்ற விவரங்களை நிபுணரிடம் சொல்லாமல் இருப்பது நல்லது என்று வலியுறுத்தப்படுகிறது.

நிபுணர்கள் எந்த அளவுக்குத் தவறுகிறார்கள் என்பதை அளக்க, 2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 169 நிபுணர்கள் கலந்துகொண்டார்கள். வெவ்வேறு நபர்களுடைய ரேகைகளை ஒருவருடையவை என்று தவறாகச் சொன்னது 0.1 விழுக்காடு. ஒரே நபருடைய ரேகைகளை வேறு வேறு என்று தவறாக விலக்கியது 7.5 விழுக்காடு. முதல் வகைத் தவறு அப்பாவியைச் சிறைக்கு அனுப்பக்கூடும் என்பதால் அதில் அவர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்கிறார்கள் என்று கொள்ளலாம். இன்னொருவர் முதல் முடிவை அறியாமல் தனியாகச் சரிபார்த்தால், முதல் வகைத் தவறுகள் ஏறத்தாழ எல்லாமே அகப்பட்டுவிடும் என்றும் அந்த ஆய்வு காட்டியது. தவறே நேராது என்று சாட்சி சொல்வது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. இன்று பொறுப்புள்ள எந்த நிபுணரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

ஒருவருடையது, அவருடையதன்று, தீர்மானிக்க இயலவில்லை என்பவையே அவர் சொல்லக்கூடிய முடிவுகள். மூன்றாவதைத் தோல்வி என்று நினைக்கும் புலனாய்வு அதிகாரிகள் உண்டு. ரேகையில் போதிய விவரம் இல்லாதபோது அதைவிட உண்மையான விடை வேறு கிடையாது. வழக்கை எப்படியாவது முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் எல்லாரும் சுற்றி நிற்கும்போது அதை எழுதிக் கையொப்பமிடுவதற்குத் துணிவு வேண்டும்.

இந்த வேலைக்கு வர விரும்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, இதில் பெரும்பகுதி மேசையில் நடக்கும் வேலை என்பது. பொதுவாக ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை அனுபவம் மிக்கவரின் கீழ் பயிற்சி பெற்ற பிறகே ஒருவர் சொந்தப் பொறுப்பில் முடிவு சொல்ல அனுமதிக்கப்படுகிறார். ஒரு நாள் முழுவதும் வரிகளையே பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமையும், கண்டதைக் கண்ட கணத்திலேயே குறித்து வைக்கும் ஒழுங்கும் தேவை. வீட்டுக்காரர்கள், மருத்துவப் பணியாளர்கள், சம்பவ இடத்துக்கு முதலில் வந்த காவலர்கள் ஆகியோரின் ரேகைகளை எடுத்து, கிடைத்தவற்றிலிருந்து அவற்றைக் கழிப்பதிலேயே பல நாட்கள் போகும். இந்தக் கழித்தலுக்கு யாரும் பாராட்டுவதில்லை. ஆனால் இதை ஒழுங்காகச் செய்யாவிட்டால், வீட்டில் ஏற்கெனவே பழகிய ஒருவர் குற்றவாளியாகத் தோன்றக்கூடும்.

நீதிமன்றத்தில் நிபுணரிடம் கேட்கப்படும் கேள்விகளில் சிலவற்றுக்கு ரேகையில் விடை இருக்காது. இந்த ரேகை எப்போது பதிந்தது என்பதை நம்பத்தக்க வகையில் சொல்லும் முறை இன்றுவரை இல்லை. அது குற்றம் நடந்த இரவில் விழுந்ததாகவும் இருக்கலாம், அதற்கு முந்தைய வாரத்தில் விழுந்ததாகவும் இருக்கலாம். ரேகை கிடைக்கவில்லை என்பதால் ஒருவர் அந்தப் பொருளைத் தொடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. வறண்ட கை, சொரசொரப்பான பரப்பு, கையுறை, துடைப்பு என்று காரணங்கள் பல. குற்றம் சாட்டப்பட்டவர்தான் கொலை செய்தாரா என்று கேட்டால், தான் ஆராய்ந்த பிடியில் இருந்த ரேகை அவருடைய வலது ஆள்காட்டி விரலால் பதிந்தது என்ற கருத்துக்குத் தான் எந்தக் காரணங்களால் வந்தேன் என்பதை மட்டும் நிபுணர் சொல்லலாம். பிடியை அவர் எப்போது, எதற்காகப் பிடித்தார் என்பதை மற்றச் சாட்சிகளைக் கொண்டு நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும்.